நான்காவதாக நின்றவன்

திண்டிவனத்தில் ஸ்ரீசந்திரன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழ்ச் சமணர்களுக்கு வழங்கும் பட்டத்தைச் சேர்த்து நயினார் கண்டக்டர் என்றால் தெரியும். இருபத்தொன்பது வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். அதில் பெரும்பகுதி திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடியது. சொந்த ஊர் வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமம். அண்ணன் அங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் செய்கிறார். இவர் வேலை கிடைத்ததும் மனைவி ஜெயமதியுடன் திண்டிவனத்துக்கு வந்து, சமணக் குடும்பங்கள் நாலைந்து இருந்த ஒரு தெருவில் வீடு பார்த்துக்கொண்டார்.

ஒருமுறை பார்த்த முகத்தை அவர் மறக்க மாட்டார். அந்தப் பெயர் அவருக்கு இருந்தது. தீபாவளிக் கூட்டத்தில் படிக்கட்டு வரை ஆட்கள் தொங்கினாலும், "விக்கிரவாண்டியில ஏறின பச்சச் சட்டை, நீங்க இன்னும் டிக்கெட் எடுக்கல" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பார். ஒருமுறை ஒரு பயணியின் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவனை, பதினோரு நாள் கழித்து வளவனூர் கடைத்தெருவில் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். அவனும் ஒப்புக்கொண்டான். அதற்கப்புறம் டிப்போவில் எந்தத் தகராறு என்றாலும், "நயினார கேளு, அவரு பார்த்திருப்பாரு" என்பார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

ஜெயமதி தெருவிலிருந்த பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வாய் கொஞ்சம் நீளம். "ஊரையெல்லாம் ஏத்தி எறக்கிட்டு வர்ற, என்ன ஒரு எடத்துக்குக் கூட்டிக்கினு போனது கெடயாது" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஓய்வு பெற்ற மறு தை மாதம், தெருக்காரர்களும் வல்லத்து உறவினர்களுமாக இருபத்திரண்டு பேர் வடக்கே சமணர்களின் புனித மலையான சிகர்ஜிக்கு யாத்திரை கிளம்பினார்கள். மலைப்பாதையில் ஜெயமதி செருப்பில்லாமல் முழுச் சுற்றும் நடந்தாள். முட்டி பிடித்துக்கொண்டதால் அவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்த பிறகு இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திரும்பும் வழியில், வடக்கே ஒரு பெரிய ஊரில் ரயில் மாற வேண்டியிருந்தது. காலை ஒன்பது மணி. அந்த நேரத்திலும் எதிர் பிளாட்பாரம் தெரியாத பனி. ஜெயமதி ஒரு பெஞ்சில் மூட்டைகளுடன் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீசந்திரன் இருபதடி தள்ளி, குழாயடி வரிசையில் பாட்டிலோடு நின்றார். அவள் பக்கத்தில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒருவன் வந்து உட்கார்ந்ததையும், குனிந்து ஒரு பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளியதையும், எழுந்து போனதையும் அவர் பார்த்தார். யாரோ ஒரு பயணி என்றுதான் நினைத்தார். நாலைந்து நிமிடம் கழித்து அந்த பெஞ்ச் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

குண்டு வெடித்துப் பதினாலு பேர் இறந்தார்கள். யாத்திரைக் குழுவில் ஜெயமதி மட்டும். மற்றவர்கள் சாப்பாட்டு வசதி பார்க்க மேம்பாலம் ஏறிப் போயிருந்தார்கள். ஸ்ரீசந்திரனுக்கு இடது காது போய்விட்டது. தோளில் தையல் போட்டார்கள்.

செய்தி கேட்டதும் மகள் பிராமியும் மருமகன் சந்திரகுமாரும் விமானத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பிராமி விழுப்புரத்தில் குடியிருக்கிறாள், பள்ளி ஆசிரியை. அம்மாவை அடையாளம் காட்டும் வேலை அவளுக்கு வந்தது. கால் மெட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். வெளியே வந்தபோது அவள் அழவில்லை என்றும், அன்றிலிருந்து கொஞ்ச நாள் அவள் யாரிடமும் உரக்கப் பேசவே இல்லை என்றும் பின்னாளில் இதை எழுதுவதற்காகக் கேட்டபோது சந்திரகுமார் என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். பையை வைத்தவனைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லி, தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"இவனா பாருங்க சார். நிதானமா."

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன். சுவர் ஓரமாக நிற்கவைத்து எடுத்த படம். கட்டம் போட்ட சட்டை. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. ஸ்ரீசந்திரன் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பிராமி நின்றுகொண்டிருந்தாள்.

"இவன்தான்," என்றார்.

பிராமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா போனபிறகு அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் முறை.

இரண்டு மாதம் கழித்து அவரை மறுபடி அழைத்துப் போனார்கள். சிறையில் அடையாள அணிவகுப்பு. ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே உயரத்தில் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். மாஜிஸ்திரேட் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டு போவதுபோல ஸ்ரீசந்திரன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். திரும்பி வந்து, நான்காவதாக நின்றவனின் தோளைத் தொட்டார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. புருவத்தில் அதே வெட்டு.

தொட்டதும் அவன் மெதுவாக ஏதோ சொன்னான். "சாச்சா, டீக் ஸே தேக்கியே." அவருக்கு இந்தி தெரியாது. அங்கே யாரும் மொழிபெயர்க்கவும் இல்லை. மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். குற்றப்பத்திரிகையில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில், அவன் மூன்றாவது எதிரி ஆனான்.

திண்டிவனத்தில் அவரைக் கொண்டாடினார்கள் என்று சொன்னால் தப்பாக இருக்கும், ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. தெரு நலச் சங்கத்தில் அவரைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். ஒரு பள்ளியில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். "பயப்படாம பார்த்தத பார்த்தபடி சொல்லணும். அதுதான் ஒரு குடிமகனோட கடமை," என்று பிள்ளைகளிடம் சொன்னார். கைதட்டினார்கள். பெண்டாட்டி போன துக்கத்திலும் எழுந்து நின்று சாட்சி சொல்ல முன்வந்தாரே என்று தெரிந்தவர்கள் எல்லாம் அவரைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள்.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. கண்ணை மூடினால் ஜெயமதி வரமாட்டாள். அந்தப் பையனின் முகம்தான் வரும். அவளை நினைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அவன் குறுக்கே வந்து நின்றான். கோபத்தில் அப்படி ஆகிறது என்று முதலில் நினைத்தார்.

முதல் வருட நினைவுநாளுக்குத் தெருவில் பந்தல் போட்டார்கள். ஜெயமதி படத்துக்கு மாலை. ஸ்ரீசந்திரனை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். யாத்திரைக்குக் கூட வந்திருந்த ப்ரியதர்ஷினி என்ற அம்மாளும் பேசினார். மேடைப் பழக்கம் இல்லாதவர், வீட்டில் பேசுவதுபோலவே பேசினார்.

"அன்னிக்கு இன்னா குளிருன்றீங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒத்துக்குமா அது? பிளாட்பாரத்துல ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. எல்லாரும் மப்ளர சுத்திக்கினு, கண்ண மட்டும் வெச்சிக்கினு உக்காந்திருந்தோம். ஜெயமதிதான் எனக்கு அவளோட சால்வய குடுத்தா..."

அதற்கு மேல் அந்த அம்மாள் அழுதுவிட்டார். கூட்டத்திலும் பலர் அழுதார்கள். ஸ்ரீசந்திரன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவர் எனக்கு விவரமாகச் சொன்னது இது. அந்த மேடையில் உட்கார்ந்தபடியே அவர் அந்தக் காலையை மறுபடி ஓட்டிப் பார்த்தாராம். பெஞ்ச். மூட்டை. சாம்பல் நிற ஸ்வெட்டர். கழுத்திலிருந்து மூக்கு வரை சுற்றிய பழுப்பு மப்ளர். தலையில் இழுத்து மாட்டிய குல்லா. அவன் குனிந்தபோது பக்கவாட்டில் தெரிந்தது ஒரு கன்னம், அவ்வளவுதான். எழுந்து போனபோது முதுகு. பிறகு அந்தப் பையனின் முகத்தை வரவழைத்துப் பார்த்தார். புருவத்தில் வெட்டு, கட்டம் போட்ட சட்டை, பின்னால் வெளிர்பச்சைச் சுவர்.

"பிளாட்பாரத்துல ஏதுங்க செவுரு?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று பந்தல் பிரிப்பதற்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். நாலைந்து நாள் வெளியே வரவில்லை. தனக்குத்தானே வழக்காடிப் பார்த்தார். அந்த அதிகாரி தப்பான படத்தையா காட்டியிருப்பார்? வேறு ஆதாரம் இல்லாமலா பிடித்திருப்பார்கள்? அவனாகவே இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் அந்த முகத்தை அவர் பிளாட்பாரத்தில் பார்க்கவில்லை. இது மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறவில்லை.

ஆறாம் நாள் கடைவீதிக்குப் போனார். அங்கே ராஜஸ்தான்காரர் ஒருவரின் இனிப்புக் கடை உண்டு. இருபது வருடமாக இங்கே இருப்பவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"சேட்டு, 'டீக் ஸே தேக்கியே'ன்னா இன்னா அர்த்தம்?"

"நல்லா பாருங்கன்னு அர்த்தம் நயினாரே. யாரு சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. 'சாச்சா'ன்னா?"

"சித்தப்பா."

ஸ்ரீசந்திரன் வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய் மகளிடம் சொன்னார். பிராமி அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும் வரை சிவப்புப் பேனாவை மூடவில்லை.

"அப்ப யாருப்பா? எங்கம்மாவ கொன்னது யாரு?"

"தெரியலமா."

"தெரியலன்னு சொல்றதுக்கு உனக்கு எப்படி வாய் வருது? முப்பது வருசமா ஒரு மூஞ்சி மறக்காத மனுசன் நீ. அம்மா விசயத்துல மட்டும் மறந்துட்டியா?"

"மறக்கலமா. பார்க்கவே இல்ல. பார்க்காதத பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

"நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கினுதான் நான் தெனம் எழுந்து பள்ளிக்கூடம் போயிக்கினு இருக்கேன். அவன் உள்ள இருக்கான்னு நெனச்சாத்தான் எனக்கு சோறு எறங்குது. அதயும் புடுங்கிட்டுப் போறேன்னு வந்து நிக்கறியா?"

சந்திரகுமார் உள்ளேயிருந்து வந்து, "மாமா, இதெல்லாம் கோர்ட் பார்த்துக்கும். நீங்க மனச போட்டுக் கொழப்பிக்காதீங்க," என்றார். அவருக்கு இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வேண்டும். வழி தெரியவில்லை.

திண்டிவனத்தில் விருத்தாசலம் என்று ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். கல்லூரிக்கு நயினார் கண்டக்டர் வண்டியில்தான் போய்வந்தார். ஸ்ரீசந்திரன் அவர் அலுவலகத்துக்குப் போய், பெஞ்சிலிருந்து சிறை வரை எல்லாவற்றையும் சொன்னார். விருத்தாசலம் நடுவில் ஒரு தரம்கூட நிறுத்தவில்லை.

"சார், போலீஸ்காரங்க எழுதிக்கிட்டது சாட்சி ஆவாது. ஜெயில்ல அடையாள பரேடுல காட்டினதும் முழு சாட்சி ஆவாது. கோர்ட்ல சத்தியம் பண்ணிட்டு நீங்க சொல்றதுதான் சாட்சி. அப்படிப் பார்த்தா நீங்க இன்னும் சாட்சியே சொல்லல."

"இப்ப மாத்திச் சொன்னா இன்னா ஆவும்?"

"அரசு வக்கீல் உங்கள பிறழ் சாட்சின்னு அறிவிக்கச் சொல்லுவாரு. யாரு உங்கள மிரட்டினாங்க, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தோண்டுவாங்க. பேப்பர்ல வரும். ஊர்ல பேசுவாங்க. இதெல்லாம் நடக்கும்ங்க, நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அவனேதான் பண்ணியிருந்தான்னா?"

விருத்தாசலம் பேனாவை மூடி வைத்தார்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க சார்," என்றார்.

இருவரும் சேர்ந்து விசாரணை அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, முன்பு மருத்துவமனைக்கு வந்திருந்த அதே தமிழ் அதிகாரி போனில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கு நாளாக ஆக இப்படிக் குழப்பம் வரும், முதலில் சொன்னதுதான் சரியாக இருக்கும், உங்கள் மனைவிக்காக உறுதியாக இருங்கள் என்றார். ஸ்ரீசந்திரன் போனை வைத்துவிட்டு, அவர் சொல்வது சரியாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினார். இதுவும் அவரே சொன்னதுதான்.

சம்மன் வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அவ்வளவு தூரம் வர வேண்டாம், விழுப்புரம் நீதிமன்ற வளாகத்திலிருந்தே வீடியோ மூலம் சாட்சி சொல்லலாம் என்று வந்திருந்தது. அந்த ஒன்றரை வருடமும் பிராமி அவரிடம் பேசினாள். ஆனால் மழை, காய்ச்சல், கேஸ் சிலிண்டர் இவற்றைப் பற்றி மட்டும்.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. காலை பத்தரைக்கு அவரை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். எதிரே பெரிய திரை. திரையில் நாலு கட்டங்கள்: ஒன்றில் நீதிபதி, ஒன்றில் வழக்கறிஞர்கள், ஒன்றில் மொழிபெயர்ப்பாளர், கடைசிக் கட்டத்தில் எதிரிகள். மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவன் இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். ஆனாலும் ஸ்ரீசந்திரனுக்கு அவனைத் தெரிந்தது. கேட்கிற காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டார். கதவு திறந்திருந்தது. வெளியே வராந்தாவில் பிராமி வந்து நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

பெயர், வயது, வேலை, யாத்திரை எல்லாம் கேட்டு முடித்த பிறகு அரசு வழக்கறிஞர் கேட்டார்: "பையை வைத்த நபர் இங்கே இருக்கிறாரா?"

"மூணாவதா உக்காந்திருக்கறவர நான் பார்த்திருக்கேன்," என்றார் ஸ்ரீசந்திரன். "ஆனா பிளாட்பாரத்துல பார்க்கல. போன்ல பார்த்தேன்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். அவர் அதே வார்த்தைகளில் மறுபடி சொன்னார்.

அரசு வழக்கறிஞர் எழுந்து, சாட்சியைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் அவர் குரல் மாறியது.

"சிறையில் ஒன்பது பேரில் இவரைத்தானே தொட்டீர்கள்?"

"ஆமாங்க. போன்ல பார்த்த மொகம் அங்க நின்னுக்கினு இருந்துது. அதத் தொட்டேன்."

"இப்படிச் சொல்லும்படி யார் உங்களிடம் பேசினார்கள்?"

"யாரும் பேசல."

"அன்று யாராவது மிரட்டித்தான் இவரைக் காட்டச் சொன்னார்களா?"

"இல்லீங்க. யாரும் மெரட்டல. அந்த அதிகாரி மேலயும் நான் பழி போடல. படத்த காட்டினாரு, நானேதான் சொன்னேன். எனக்கு அப்ப யாராவது ஒருத்தன் வேண்டியிருந்துது. அவன்தான்னு சொன்னா கொஞ்சம் மூச்சு விடலாம்போல இருந்துது. தப்புங்க. அது என் தப்பு."

நீதிபதி வயதான பெண்மணி. அவர் நேரடியாகக் கேட்டார்: "பையை வைத்தவர் அவ்வளவு அருகில் இருந்தாரே. நீங்களும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகத்தை ஏன் பார்க்கவில்லை?"

"மொகத்துல மப்ளர் சுத்தியிருந்துதுங்க. அதுவும் போவ, நான் என் சம்சாரத்த பார்த்துக்கினு இருந்தேன் அம்மா."

"உங்கள் மனைவி என்ன செய்துகொண்டிருந்தார்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கையாலயே ஜாடை காட்டினா. பாட்டில் மூடிய நல்லா திருகி மூடுன்னு. மொத நாள் நான் சரியா மூடாம, அவ பை பூரா நனஞ்சிபோச்சி. அதுக்காக இப்படி, இப்படித் திருகிக் காட்டினா. காட்டிட்டு சிரிச்சா."

திரைக்கு முன்னால் அவரும் கையைத் திருகிக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் நீதிபதி சற்றுக் குனிந்து எழுதினார். பிறகு, சாட்சி போகலாம் என்றார்.

அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் பிராமியைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வந்து எங்கிட்ட சொன்னதெல்லாம் அவனப் பத்தியேதான். ரெண்டரை வருசத்துல இத ஒரு தரம் சொன்னியா? ஜட்ஜு கேட்டாத்தான் சொல்லுவியா?"

அதற்கு மேல் நிற்காமல் படி இறங்கிப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே வேகமாக வந்தார். அதற்குள் அவள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள்.

மறுநாள் செய்தித்தாளில் வந்தது. விருத்தாசலம் சொன்னதில் ஒன்றும் பாக்கி இல்லாமல் நடந்தது. தெரு நலச் சங்கத்திலிருந்து வந்து, உடம்பு முடியாதபோது உங்களுக்கு எதற்குப் பொறுப்பு என்றார்கள். மூன்றாம் வருட நினைவுநாளுக்குப் பந்தல் போடவில்லை. "பொண்டாட்டிய கொன்னவன காப்பாத்திட்டாரு" என்று டீக்கடையில் ஒருவர், அவர் காதில் விழட்டும் என்றே சொன்னார். கேட்காத காதுப் பக்கம் நின்று சொன்னதால் சரியாக விழவில்லை. ஆனால் கடையில் எல்லோரும் சட்டென்று அமைதியானதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாளும் அதே கடைக்குத்தான் போனார். ப்ரியதர்ஷினி அம்மாள் மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "நான் அன்னிக்கு மேடையில வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்," என்று வருத்தப்பட்டார். "நீங்க இன்னாமா பண்ணுவீங்க, நடந்தத சொன்னீங்க," என்றார் இவர்.

ஏழு மாதம் மகள் வரவில்லை, போன் செய்யவும் இல்லை. சந்திரகுமார் மட்டும் வாரம் ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்பார். பிராமி பக்கத்தில் இருக்கிறாளா என்று இவர் கேட்கமாட்டார்.

பங்குனியில் தீர்ப்பு வந்தது. கேமரா பதிவு, போன் அழைப்புகள், வெடிபொருள் வாங்கிய கடை இவற்றை வைத்து முதல் இரண்டு எதிரிகளுக்கு ஆயுள் தண்டனை. மூன்றாவது எதிரி மேல் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. அரசு மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னார்கள். விடுதலையானவன் மூன்று வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டான். பிடிபடும் முன்பு ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தானாம். விருத்தாசலம் தீர்ப்பு நகலை வாங்கி அந்தப் பகுதியைத் தமிழில் படித்துக் காட்டினார். ஸ்ரீசந்திரன் கேட்டுக்கொண்டார். சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை.

"அவன் நல்லவன்னு அவங்க சொல்லலியே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார். நிரூபிக்கலன்னு சொல்லியிருக்காங்க. அவ்ளோதான்."

தீர்ப்பு வந்த இரண்டாவது ஞாயிறு, பிராமி தனியாக வந்தாள். சொல்லாமல் வந்தாள். இவர் வாசல் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தார். உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"அவன் நெசமாவே பண்ணியிருந்தான்னா?" என்றாள்.

"பண்ணியிருந்தா, என்னாலதான் வெளிய வந்தான்."

"பண்ணலன்னா?"

"என்னாலதான் உள்ள போனான்."

"ரெண்டுல எதுன்னு தெரியாமயே எப்படிப்பா இருக்கற?"

"நல்லா இல்லமா," என்றார். "இன்னமும் அவன் மொகம்தான் வருது. உங்கம்மா அப்பப்ப வர்றா. சொல்லிட்டா போயிடும்னு நெனச்சேன். போவல."

பிராமி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போனாள். அம்மாவின் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று வருடமாக யாரும் அதைத் தொட்டதில்லை. அவர் போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனார். அவள் புடவைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தைத்துக் கொக்கி வைக்காமல் விட்ட ரவிக்கைகள் நாலு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் குத்தியிருந்தது: தையல்நாயகி, ரோஜா, அஞ்சம்மாள், மறுபடியும் ரோஜா.

"இதெல்லாம் அவங்ககிட்ட குடுத்துடணும் இல்ல?" என்றாள்.

"குடுத்துடலாம். ரோஜா இப்ப வளவனூர்ல இருக்குது. உங்க ஊருக்குப் பக்கம்தான்."

கட்டிலின் மறு ஓரத்தில் அவரும் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். அவருக்குப் புடவை மடிக்கத் தெரியாது. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டார். ஒரு மாம்பழ நிறப் புடவை வந்தபோது பிராமி நிறுத்தினாள். அதில் முகத்தை வைத்துக்கொண்டு, மருத்துவமனையிலும் சுடுகாட்டிலும் அழாத அழுகையை அழுதாள். அவர் மறு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று அவரே போய் உப்புமா கிண்டினார். அவள் சாப்பிட்டாள், உப்பு அதிகம் என்றாள். இரண்டு புடவைகளையும் ரோஜாவின் ரவிக்கைகளையும் பையில் வைத்துக்கொண்டு, மீதியை அடுத்த மாதம் வந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.